யுனிசெஃப், சேவ் த சில்ட்ரன் மாதிரி இடங்கள்ல வேலை, கன்சல்டன்சி: டிசிபியூ (மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு) அனுபவம் எடுபடுமா?

வைகைக்கரை_கலை:

எல்லாருக்கும் வணக்கம், இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னைக்குதான் கேக்குறேன். எம்எஸ்டபிள்யூ முடிச்சிட்டு மதுரையில 1098 குழந்தைகள் ஹெல்ப்லைன் டீம்ல இருந்தேன், 2023ல அதை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பிச்சதும் என்ஜிஓ டீமை எல்லாம் கலைச்சாச்சு. இப்ப பக்கத்து மாவட்டத்துல டிசிபியூவுல சோசியல் ஒர்க்கர். கான்ட்ராக்ட்தான், மாசம் 18,536 ரூபாய், வாடகை போக என்ன மிஞ்சும்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. வயசு 31, ஒரு பொண்ணு இருக்கா, யுகேஜி.

கூட படிச்ச ஒரு பொண்ணு டெல்லியில ஒரு இன்டர்நேஷனல் என்ஜிஓல சைல்ட் ப்ரொடெக்‌ஷன் ஆபீசர், அவ சொல்றா உன் ஃபீல்ட் அனுபவத்துக்கு யுனிசெஃப்லயே ட்ரை பண்ணலாம், இல்லன்னா கன்சல்டன்ட்டா போகலாம்னு. வெப்சைட்டுல போய் பாத்தா பி-2, பி-3, என்ஓபி, டிஏ, எஃப்டின்னு என்னென்னமோ இருக்கு, தலை சுத்துது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது? அப்புறம் இன்னொன்னு, லிங்க்ட்இன்ல ஒருத்தர் ஜெனீவாவுல இருக்குற ஒரு குழந்தைகள் நல அமைப்புன்னு சொல்லி ஆஃபர் லெட்டரே அனுப்பிட்டார், இன்டர்வியூ கூட இல்ல, மாசம் 4,200 டாலராம், விசா ப்ராசஸிங்குக்கு மட்டும் 22,000 ரூபாய் கட்டணுமாம். வீட்டுக்காரர் சந்தேகப்படுறார், எனக்கும் உள்ளுக்குள்ள இடிக்குது, ஆனா லெட்டர்ல சீல் எல்லாம் இருக்கு.

கோமாளி_ராஜா:

அக்கா அந்த 22,000த்தை கட்டிடாதீங்க, அப்பட்டமான ஃப்ராடு. யுனிசெஃப் தன்னோட விளம்பரங்கள்லயே எழுதிருக்கும், ஆளெடுப்புல எந்த ஸ்டேஜ்லயும் காசு வாங்க மாட்டோம், பேங்க் விவரமும் கேக்க மாட்டோம்னு. மத்த ஒழுங்கான அமைப்பும் அப்படித்தான். குழந்தைங்களோட வேலைன்னா இன்டர்வியூ, ரெஃபரன்ஸ், போலீஸ் வெரிஃபிகேஷன்னு சலிச்சு எடுப்பாங்க, ஒண்ணுமே கேக்காம எவன் வேலை குடுப்பான். சீல் எல்லாம் நம்ம ஊர் ஜெராக்ஸ் கடையிலயே பண்ணிடலாம். 1930க்கு ஒரு போன் போட்டு சைபர் க்ரைம்ல சொல்லிடுங்க.

உப்புக்காற்று:

கலை மேடம், நான் இந்த ஃபீல்டுல கொஞ்ச வருஷமா இருக்கேன், பங்களாதேஷ்ல காக்ஸ் பஜார்ல ரோஹிங்கியா முகாம்கள்ல சைல்ட் ப்ரொடெக்‌ஷன்ல இருந்தேன், இப்ப சென்னையில இருந்துக்கிட்டு கன்சல்டன்சி. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த எழுத்தெல்லாம். பி-ன்னு ஆரம்பிக்கிறது எல்லா நாட்டுக்காரங்களுக்கும் திறந்த போஸ்ட், சொந்த நாட்டுக்கு வெளிய போடுவாங்க, பி-2க்கு ரெண்டு வருஷம், பி-3க்கு அஞ்சு வருஷ அனுபவம்னு போட்டிருக்கும், ஆனா அது வாசல்ல நிக்கிறதுக்கான அளவுதான், பி-3க்கு வர்றவங்கள்ல பத்து வருஷக்காரங்களே நிறைய. பிரெஞ்சு, அரபி, ஸ்பானிஷ்ல ஒண்ணு தெரிஞ்சா கை ஓங்கும். என்ஓ-ன்னா நேஷனல் ஆபீசர், இந்தியாவுல போட்டா இந்தியர் மட்டும்தான் அப்ளை பண்ண முடியும், சம்பளம் ரூபாயில, உள்ளூர் ஸ்கேல், ஆனா நீங்க இப்ப வாங்குறதோட ஒப்பிடவே முடியாது. எஃப்டின்னா ஃபிக்ஸ்ட் டேர்ம், குறிப்பிட்ட காலத்துக்கு போடுற கான்ட்ராக்ட், டிஏ தற்காலிகம். உங்க மாதிரி ஆளுக்கு நேரா பி-க்கு போடுறது வேஸ்ட், என்ஓ, இல்லன்னா கன்சல்டன்சி, இந்த ரெண்டுதான் வழி. யுனிசெஃப்போட சென்னை ஆபீஸ்தான் தமிழ்நாடு, கேரளா ரெண்டையும் பாக்குது, அங்க தமிழ் தெரிஞ்ச, சிடபிள்யூசி (குழந்தைகள் நலக் குழு) எப்படி நடக்குதுன்னு உள்ள இருந்து பாத்த ஆளுக்கு மதிப்பு இருக்கு. டெல்லியில உக்காந்திருக்குற பெரிய டிகிரிக்காரருக்கு அது தெரியாது.

இப்ப கன்சல்டன்சி. இதுலதான் எல்லாரும் ஏமாறுறாங்க, ஃப்ராடு அர்த்தத்துல சொல்லல, கணக்குல. கன்சல்டன்ட்னா ஸ்டாஃப் கிடையாது. பிஎஃப் இல்ல, லீவு இல்ல, மெடிக்கல் இன்சூரன்ஸ் நீங்களே போட்டுக்கணும், ஐநா ஸ்டாஃபுக்கு இருக்குற வருமான வரி விலக்கு நமக்கு கிடையாது. டிஓஆர் (என்ன வேலை, என்ன நிபந்தனைன்னு சொல்ற பேப்பர்) வந்ததும் மொத்த தொகைய பாக்காதீங்க, எதை முடிச்சா எவ்வளவு காசுன்னு இருக்குற டெலிவரபிள் டேபிளை பாருங்க. உதாரணத்துக்கு ஒரு டிஓஆர்ல ஆரம்பத்துல குடுக்குற இன்செப்ஷன் ரிப்போர்ட்டுக்கு 20 சதவீதம், டேட்டா கலெக்‌ஷன் முடிஞ்சா 30, டிராஃப்ட்டுக்கு 30, ஃபைனலுக்கு 20னு வச்சுக்கோங்க. குழந்தைங்ககிட்ட நேர்ல பேசி தகவல் எடுக்கிற வேலைன்னா எதிக்ஸ் ரிவ்யூ வேணும், அந்த போர்டு ஒப்புதல் குடுக்காம ஃபீல்டுல கால் வைக்க முடியாது. அம்மா அப்பா சம்மதம் தனி, குழந்தையோட சம்மதம் தனி, பேசும்போது பிள்ள அழுதா எந்த கவுன்சிலர்கிட்ட அனுப்புவீங்கன்னு பேப்பர்ல காட்டணும், இதெல்லாம் சரியான விஷயம்தான், நான் குறை சொல்லல, ஆனா ஒப்புதல் ஒரு மாசம் இழுத்தா உங்க ரெண்டாவது பேமெண்ட்டும் ஒரு மாசம் இழுக்கும். அதுக்குள்ள மொழிபெயர்ப்பாளருக்கு, வண்டிக்கு, லாட்ஜுக்கு உங்க கைக்காசு போயிட்டே இருக்கும், ஏன்னா ஃபைனான்ஷியல் ப்ரொபோசல்ல எல்லாத்தையும் சேத்து ஒரே தொகையா போட்டுத்தானே குடுத்தீங்க. டிராஃப்ட்டை ஏழு பேர் படிச்சு ஏழு விதமா கமெண்ட் போடுவாங்க, அதை திருத்துற நாளுக்கும் தனி காசு கிடையாது, முதல்லயே கணக்குல சேத்துருக்கணும். குறைச்சு போட்டாதான் கிடைக்கும்னு நினைச்சு புதுசா வர்றவங்க அடிமட்ட ரேட் போடுறாங்க, தேவையே இல்ல, பெரும்பாலும் டெக்னிக்கலுக்கு (வேலைய எப்படி செய்வீங்கன்னு எழுதுறதுக்கு) 70 இல்ல 80 மார்க், காசுக்கு மிச்சம்தான்.

எங்க தேடுறதுன்னா யுனிசெஃப்போட சொந்த தளம், ரிலீஃப்வெப், டெவ்நெட்ஜாப்ஸ்இந்தியா, இது மூணு போதும். பிளான் இன்டர்நேஷனல், டெர் டெ ஸோம், எஸ்ஓஎஸ் சில்ட்ரன்ஸ் வில்லேஜஸ், பாங்காக்ல தலைமையகம் இருக்குற எக்பாட், இவங்க தளத்தையும் அப்பப்ப பாருங்க. சேவ் த சில்ட்ரன் இந்தியாவுல இப்ப பால ரக்‌ஷா பாரத்னு இயங்குது.

பழையபேப்பர்:

உப்புக்காற்று நல்லா சொன்னார், ஆனா ஒரு விஷயம் விட்டுட்டார், இப்ப இந்த துறையே ஐசியூல இருக்கு. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவிய நிறுத்துச்சு, ஜூலை 1ல அவங்க உதவி அமைப்பு யுஎஸ்எய்டு கதை முடிஞ்சது, யுனிசெஃப்பே 2026ல வரவு 2024ஐ விட 20 சதவீதமாவது குறையும்னு சொல்லிருச்சு. அவர் இருந்த அதே காக்ஸ் பஜார்ல காசு இல்லாம முகாம் பள்ளிக்கூட டீச்சர்ஸ் ஆயிரம் பேருக்கு மேல வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. இருந்த ஸ்டாஃபே இப்ப மார்க்கெட்டுல நிக்கிறான், அதே கன்சல்டன்சிக்கு அவனும்தான் அப்ளை பண்றான். நம்ம நாட்டுல 2020 எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை சட்டம்) திருத்தத்துக்கு அப்புறம் வெளிநாட்டு காசு வாங்குற பெரிய என்ஜிஓ அதை சின்ன என்ஜிஓவுக்கு பிரிச்சு குடுக்க முடியாது, நிர்வாகச் செலவும் 20 சதவீதத்துக்குள்ள. அப்ப மாவட்ட லெவல்ல வேலை எங்க இருந்து வரும்? அரசு வேலைக்கு படிங்கம்மா, டிஎன்பிஎஸ்சி எழுதுங்க.

உப்புக்காற்று:

பழையபேப்பர் சொன்ன தகவல் எல்லாம் உண்மை, மறுக்கல. ஆனா காசு குறையுறப்ப பல இடத்துல வெட்டுறது வெளிநாட்டு ஆளோட சம்பளத்தை, அவருக்கு வீடு, ஸ்கூல் ஃபீஸ், விமான டிக்கெட்னு எவ்வளவு செலவு. அந்த வேலைய உள்ளூர் கன்சல்டன்ட் வச்சு முடிச்சுக்கலாம்னு பாக்குறாங்க, நான் இப்ப செய்யுற வேலையில பாதி அப்படி வந்ததுதான். டிஎன்பிஎஸ்சி எழுத வேணாம்னு நான் சொல்லல, எழுதட்டும்.

மட்டுநகர்_வாவி:

வணக்கம் தங்கச்சி. நான் மட்டக்களப்பு. சுனாமிக்குப் பிறகு இஞ்ச வந்த ஐஎன்ஜிஓக்களில (சர்வதேச என்ஜிஓக்கள்) துவங்கி, யுத்தம் முடிஞ்ச பிறகு வன்னியில பெற்றோரைப் பிரிஞ்ச பிள்ளையளைத் தேடிச் சேர்க்கிற வேலையும் செய்தனான். ஒரு விசயம் சொல்லோணும். நீங்கள் ரெயில்வே ஸ்டேசனில கிடைச்ச பிள்ளையை விசாரிச்சு, ஊரைக் கண்டுபிடிச்சு, வீட்டு நிலைமை பார்த்து ஒப்படைக்கிறீங்கள் எல்லே, அதுதான் நாங்களும் செய்தது, காகிதத்தில அதுக்கு ஃபேமிலி ட்ரேசிங் அண்ட் ரீயூனிஃபிகேசன் எண்டு பேர். உங்கட சிவியில "1098ல வேலை செய்தேன்" எண்டு ஒரு வரி போட்டால் நியூயோர்க்கில இருக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது. எத்தனை பிள்ளையள், எந்தெந்த மாநிலத்துக்கு அனுப்பினது, ஒப்படைச்ச பிறகு ஃபொலோ அப் எப்பிடி, அதை எழுதுங்கோ. சைல்ட் ப்ரொடெக்சன் மினிமம் ஸ்டாண்டர்ட்ஸ் எண்டு ஒரு புத்தகம் இருக்கு, 2019 பதிப்பில 28 ஸ்டாண்டர்ட், இணையத்தில சும்மாவே கிடைக்கும். 13, 18 ரெண்டையும் ஆறுதலா வாசியுங்கோ, முதலாவது பிரிஞ்ச பிள்ளையளைப் பற்றி, மற்றது கேஸ் மனேஜ்மென்ட். இன்டர்வியூவில கேள்வி அதுக்குள்ளால தான் வரும்.

மற்றது யுஎன் வொலன்டியரையும் பாருங்கோ. பேர்தான் வொலன்டியர், மாசாமாசம் அலவன்ஸ் வரும், இன்சூரன்சும் தருவினம். வெளிநாட்டுக்குப் போற ஸ்பெசலிஸ்ட் எண்டால் 27 வயசுக்கு மேல, மூண்டு வருச அனுபவம் கேப்பினம், உங்களிட்ட ரெண்டும் இருக்கு. ஆனால் சின்னப் பிள்ளையோட ஃபமிலி போகேலாத டியூட்டி ஸ்டேசன் கனக்க இருக்கு, விளம்பரத்தில நொன் ஃபமிலி எண்டு போட்டிருந்தால் யோசிச்சுச் செய்யுங்கோ.

வைகைக்கரை_கலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த ஜெனீவா ஆளை பிளாக் பண்ணியாச்சு, 1930லயும் சொல்லிட்டேன். வாவி அண்ணா, நான் எழுதின எஸ்ஐஆர் (பிள்ளையோட குடும்ப, சமூக நிலைமை விசாரணை ரிப்போர்ட்), கேர் பிளான் எல்லாம் ஃபைல் ஃபைலா இருக்கு, அதுல நல்லதா நாலஞ்சை சாம்பிள் ஒர்க்னு அப்ளிகேஷனோட வைக்கலாமா? பசங்களை வீட்டுல ஒப்படைச்சப்ப எடுத்த போட்டோவும் இருக்கு. அப்புறம் என் இங்கிலீஷ் எழுத பரவால்ல, பேசும்போதுதான் திணறும்.

எச்ஆர்_பக்கத்துசீட்டு:

மேடம் நிறுத்துங்க நிறுத்துங்க, அதை மட்டும் செஞ்சிடாதீங்க!! ஜேஜே ஆக்ட் (சிறார் நீதிச் சட்டம்) செக்‌ஷன் 74 உங்களுக்கே தெரியும், பிள்ளையோட பேர், ஸ்கூல், போட்டோ எதுவும் வெளிய போகக்கூடாது, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டுமே. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஒரு ஐஎன்ஜிஓல ஆளெடுக்கிற பக்கத்துல இருக்கேன், குழந்தை முகம் தெரியுற போட்டோவோட சிவி வந்தா மேல படிக்கிறதே இல்ல, சேஃப்கார்டிங் (குழந்தைங்களுக்கு நம்மால கெடுதல் வராம பாத்துக்கிறது) தெரியாத ஆள்னு அங்கயே ஓரமா வச்சிடுவோம். லிங்க்ட்இன், ஃபேஸ்புக்ல பழசு ஏதாவது கிடந்தாலும் இன்னைக்கே எடுத்துடுங்க, நாங்க தேடி பாப்போம். அந்த ஃபைல் எல்லாம் உங்க சொத்து இல்ல, ஆபீசோடது, சாம்பிள் வேணும்னா கற்பனையா ஒரு கேஸ் வச்சு புதுசா ஒரு கேர் பிளான் எழுதுங்க, மேல "கற்பனை கேஸ்"னு போட்டுடுங்க.

ரெஃபரன்ஸ் விஷயத்துலயும் உஷாரா இருங்க. 2019ல இருந்து மிஸ்கான்டக்ட் டிஸ்க்ளோஷர் ஸ்கீம்னு ஒண்ணு இருக்கு, அதுல இருக்குற அமைப்புங்க உங்க பழைய ஆபீசுக்கே எழுதி கேக்கும், கடைசி அஞ்சு வருஷத்துல இவங்க மேல பாலியல் தொல்லை மாதிரி புகார் விசாரணை ஏதாவது உண்டான்னு. உங்க என்ஜிஓ டீமை கலைச்சுட்டாங்கன்னு சொன்னீங்க, அப்ப பதில் போட அங்க ஆள் இருக்காங்களா? இல்லன்னா இப்பவே பழைய டைரக்டரை பிடிச்சு லெட்டர்ஹெட்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கி வைங்க. ஆள் செலக்ட் ஆகி, பழைய ஆபீஸ் பூட்டிக் கிடந்ததால மாசக்கணக்கா தொங்கின கேஸ் பாத்திருக்கேன்.

இங்கிலீஷ் பேச்சுக்கு பயப்படாதீங்க, பேனல்ல பாதி பேருக்கு அது தாய்மொழி கிடையாது. அவங்க கேக்குறது, ஒரு தடவை நீங்களும் போலீசும் ஒத்துப்போகல, அப்ப என்ன பண்ணீங்க, என்ன ஆச்சு, இந்த மாதிரி. நடந்ததை வரிசையா சொல்லணும், "நாங்க பண்ணோம்"னு சொல்லாம "நான் பண்ணேன்"னு சொல்லணும், நம்ம ஆளுங்க அடக்கத்துல இதுலதான் மார்க்கை விடுறாங்க.

வைகைக்கரை_கலை:

ஐயோ போட்டோவ பத்தி நல்லவேளை கேட்டேன். சரி, சென்னையில மூணு மாச கன்சல்டன்சி ஒண்ணு வந்திருக்கு, ஃபாஸ்டர் கேர் (பிள்ளைய வேற குடும்பத்துல தற்காலிகமா வச்சு வளக்கிறது) பத்தி, ஆறு மாவட்டம் சுத்தணும். டிசிபியூ வேலையில இருந்துக்கிட்டே அப்ளை பண்ணலாமா?

உப்புக்காற்று:

அப்ளை பண்றதுல தப்பில்ல, ஆனா ரெண்டையும் ஒண்ணா பாக்க முடியாது, டிசிபியூ கான்ட்ராக்ட்ல வேற சம்பள வேலை கூடாதுன்னு இருக்கும், எடுத்து படிங்க. ஃபாஸ்டர் கேர் ஃபைல் நீங்க சிடபிள்யூசி வரைக்கும் கொண்டு போயிருந்தா டெக்னிக்கல் ப்ரொபோசல்ல முதல் பக்கத்துலயே அது வரணும். ஆறு மாவட்டம்னா வண்டிச் செலவை நேர்ல கேட்டு போடுங்க, கூகுள் மேப் பாத்து போடாதீங்க. டிராஃப்ட் ரெடி ஆனதும் தனி மெசேஜ்ல அனுப்புங்க, தொகைய மட்டும் நான் ஒரு தடவ பாத்துடுறேன்.