ஸ்கீ போட் எஞ்சின் சூடேறுதில்லை, மீற்றர் 130ஐத் தாண்டேல்லை: எங்க பாக்கிறது?

கசூரினா போட்:

வணக்கம். காரைநகரில ஒரு ஸ்கீ போட் வச்சிருக்கிறன். பொல்கொட வாவியில ஓடின பழசு, லொறியில ஏத்திக்கொண்டு வந்தது. ஷெவ்றலே 5.7 லீற்றர் வீ-8, பெற்றோல், காபரேற்றர். கடல் தண்ணியையே பம்ப் இழுத்து பிளொக்குக்குள்ள விட்டு எக்ஸோஸ்ற்றால வெளியில தள்ளுற ரகம். ரேடியேற்றரும் இல்லை, கூலன்றும் இல்லை.

மீற்றரில 100 துவக்கம் 240 மட்டும் எழுதியிருக்கு. சும்மா ஓட விட்டா ஊசி மெல்ல மெல்ல 130 மட்டும் வரும். ஆளைக் கட்டி இழுத்துக்கொண்டு வேகமா ஓடினா, ஏறவேண்டிய ஊசி 110க்கு இறங்குது. மெதுவாக்கினா திரும்ப 130. ஒரு நாளும் அதுக்கு மேல போனதில்லை. பெற்றோல் குடிக்கிற குடியைச் சொல்லி வேலையில்லை. பிளக்கைக் கழட்டினா ஒரே கரி. டிப்ஸ்ரிக்கை மணந்தா பெற்றோல் மணக்குது, ஒயில் மட்டமும் விட்ட அளவுக்குக் கொஞ்சம் மேல நிக்குது.

ஊரில ஆரைக் கேட்டாலும் "சூடாகினாத்தானே பயம், குளிரா ஓடினா உனக்கென்ன" எண்டுதான் சொல்லுகினம். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்திறங்க முதல் இதுக்கொரு வழி பாக்கோணும். தேர்மோஸ்ரற்றோ (சூட்டுக்கேத்தபடி திறந்து மூடித் தண்ணியைக் கட்டுப்படுத்திற வால்வு), மீற்றரோ, வேற ஏதுமோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

குறிகட்டுவான்:

தம்பி, ஊராக்கள் சொன்னதில பிழையில்லை. நான் நெடுந்தீவுப் பக்கம் வள்ளம் ஓடுறன், டீசல் எஞ்சின். வாங்கின கையோட தேர்மோஸ்ரற்றைக் கழட்டி எறிஞ்சாச்சு. எங்கட வெக்கைக்கு உது தேவையில்லாத சாமான். உது மூடினபடி இறுகினா நடுக்கடலில எஞ்சின் கொதிக்கும். சனத்தை ஏத்திக்கொண்டு போறனாங்கள், ஆர் பதில் சொல்லுறது? குளிரா ஓடுற எஞ்சினைக் கும்பிட்டுட்டு ஓடு.

பழைய ஸ்பனர்:

குறிகட்டுவான் அண்ணை கோவிக்கக்கூடாது. உங்கட டீசல் மணிக்கணக்கா ஒரே பாரத்தில ஓடுது, அதால கொஞ்சம் தாங்குது. காலமை எடுக்கேக்க வெள்ளைப் புகை தள்ளுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ, பேந்து கதைப்பம். இது பெற்றோல், காபரேற்றர், அதுவும் நிண்டு நிண்டு ஓடுற ஸ்கீ போட். கதை வேற.

தம்பி, உங்கட மீற்றர் பரனைற். 130 எண்டது செல்சியஸில 54, 110 எண்டது 43. எங்கட கடல் தண்ணியே 28, 30 பாகையிலதான் உள்ள போகுது. அப்ப வேகமா ஓடேக்க பதினைஞ்சு பாகை மட்டிலதான் சூடேறித் தண்ணி வெளியில ஓடுது. கடல் தண்ணி நேராப் போற இந்த ரக எஞ்சினுக்கு வழக்கமாப் போடுறது 143 பரனைற் தேர்மோஸ்ரற், அதாவது 62 பாகை மட்டில திறக்கத் துவங்கிறது. ஊசி 140க்கும் 160க்கும் இடையில ஓரிடத்தில போய் நிலைச்சு நிக்கோணும்.

எனக்கு முக்கியமாப் படுறது ஊசி ஆடுற விதம். பம்ப் எஞ்சினோட சேர்ந்து சுத்துறது, வேகம் கூடக் கூடத் தண்ணியும் கூட வரும். தேர்மோஸ்ரற் ஒழுங்கா இருந்தா அந்தத் தண்ணியில தேவையான அளவை மட்டும் பிளொக்குக்குள்ளால விட்டு, மிச்சத்தை நேரா எக்ஸோஸ்ற் மனிபோல்ட்டுக்கு அனுப்பிவிடும். வாய் திறந்தபடி நிண்டா வாற தண்ணியெல்லாம் பிளொக்குக்குள்ள பூந்து இருக்கிற சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். மீற்றர் மட்டும் பிழையெண்டா ஊசி பிழையான இடத்தில நிக்கும், வேகத்தோட இப்பிடித் தலைகீழா நடக்காது. தேர்மோஸ்ரற் பாதி திறந்து இறுகிக் கிடக்குது எண்டுதான் நான் சொல்லுவன். அடியோட இல்லாட்டி 130 மட்டும் வாறதே சந்தேகம்.

குளிரா ஓடினா என்ன நட்டமெண்டு கேட்டவைக்கு அந்த டிப்ஸ்ரிக்கைக் காட்டுங்கோ. சிலிண்டர்ச் சுவர் குளிரா இருந்தா பெற்றோல் முழுக்க ஆவியாகாது. துளியாவே சுவரில ஒட்டி, அங்க இருக்கிற ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங்குக்குள்ளால கீழ ஒயில் தட்டுக்கு இறங்கும். ஒயில் மட்டம் ஏறுறது இதாலதான். ஒயிலும் சூடாகாததால உள்ள பிடிச்ச ஈரம் ஆவியாகி வெளியேறாது. ஒயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கோ, மோர் நிறத்தில வழுவழுப்பாப் படிஞ்சிருந்தா அது அந்த ஈரந்தான். கொதிக்கிற எஞ்சின் ஒரு நாளில செத்துக் காட்டும். இது சத்தம் போடாமல் ரிங்கையும் பெயரிங்கையும் தேய்ச்சுத் தின்னும்.

ஒயிலில பெற்றோல் கலக்க இன்னொரு வழியும் இருக்கு, அதையும் பாத்துப்போடுங்கோ. எஞ்சினில பூட்டின மெக்கானிக்கல் பெற்றோல் பம்ப் எண்டா அதில இருந்து காபரேற்றருக்கு ஒரு மெல்லிய, உள்ளுக்குத் தெரியிற ரியூப் போகும். அதுக்குள்ள பெற்றோல் நிண்டா பம்பின்ர டயப்பிரம் கிழிஞ்சு போச்சு. அப்பிடியெண்டா எஞ்சினை ஸ்ராட் பண்ணவே வேண்டாம். எது எப்பிடியோ, ஒவ்வொரு முறையும் ஸ்ராட் பண்ண முதல் எஞ்சின் அறைக் காத்தை வெளியேத்துற ப்ளோவரை நாலு நிமிசமாவது ஓட விடுங்கோ. பெற்றோல் ஆவி பாரமானது, அடித்தட்டில போய்த் தேங்கும்.

வயர் தம்பி:

ஸ்பனர் அண்ணை சொல்லுறது சரிதான், எண்டாலும் ஹவுசிங்கைக் கழட்ட முதல் மீற்றரை நம்பலாமோ எண்டு பாருங்கோ. காசில்லாத வேலை.

சாவியைப் போடுங்கோ, எஞ்சின் ஓடத் தேவையில்லை. ரெம்பரேச்சர் சென்சரில இருக்கிற ஒத்தை வயரைக் கழட்டினா ஊசி குளிர்ப்பக்கம் கடைசியில படுக்கோணும். அந்த வயரின்ர நுனியை பிளொக்கில ஒரு துப்பரவான இரும்பில தொட்டா சூட்டுப்பக்கம் கடைசிக்குப் பாயோணும். தொட்டுப் பாத்த உடனயே எடுத்துப்போடுங்கோ. இப்பிடி ஓடினா மீற்றரும் வயரும் சரி, மிச்சம் சென்சர் மட்டுந்தான்.

இந்த ஒத்தை வயர்ச் சென்சருக்கு எர்த் கிடைக்கிறது அதின்ர புரியாலதான். சிலபேர் தண்ணி கசியக்கூடாதெண்டு வெள்ளை ரேப்பை வரிஞ்சு கட்டி முறுக்கிவிடுவினம். எர்த் அரைகுறையாப் போகும், ஊசி உள்ள சூட்டை விடக் குறைச்சுத்தான் காட்டும். கடல்காத்தில பிடிக்கிற பச்சைக் கறளும் அதே வேலையைத்தான் செய்யும்.

அகச்சிவப்பு வெப்பமானித் துவக்கு ஆரிட்டையும் இருந்தா வாங்கிப் பிடியுங்கோ. கொரோனா நேரம் நெத்திக்குப் பிடிச்சது சரிவராது, 42, 43 பாகைக்கு மேல அது காட்டாது. கராஜில வச்சிருக்கிற ரகம் வேணும். மினுங்கிற அலுமினியத்தில நேர பிடிச்சா குறைச்சுக் காட்டும், கறுத்த ரேப் ஒரு துண்டு ஒட்டி அதில பிடியுங்கோ.

கசூரினா போட்:

எல்லாருக்கும் நன்றி. பெற்றோல் பம்ப் ரியூப் காஞ்சு கிடக்கு. ஒயில் மூடி அண்ணை சொன்ன மாதிரியே மோர் நிறம்.

வயரைத் தொட்டுப் பாத்தன், ஊசி ரெண்டு பக்கமும் ஒழுங்காப் போகுது. மானிப்பாயில தெரிஞ்ச கராஜில துவக்கு வாங்கிக்கொண்டு வந்து தேர்மோஸ்ரற் ஹவுசிங்கின்ர அடியில ரேப் ஒட்டிப் பிடிச்சன். மீற்றர் 130 காட்டேக்க துவக்கு 52, 53 பாகை காட்டுது. அப்ப மீற்றர் பொய் சொல்லேல்லை. நாளைக்குக் கழட்டப் போறன். போல்ட் ரெண்டிலயும் கறள், கவனிக்க ஏதும் இருக்கோ?

பழைய ஸ்பனர்:

போட்டைக் கரையில ஏத்திப்போட்டுச் செய்யுங்கோ. போல்ட்டுக்கு இண்டைக்கு இரவே கறள் இளக்கி அடிச்சு விடுங்கோ, காலமையும் ஒருக்கா. இறுக்கமா இருந்தா ஒரேயடியாத் திருப்பாதேங்கோ, கால் சுத்து இளக்கி, கால் சுத்து திரும்ப இறுக்கி, அப்பிடியே அசைச்சு அசைச்சு எடுக்கோணும். இந்த வேலையில தேர்மோஸ்ரற்றுக்குச் செலவழியிற காசை விட முறிஞ்ச போல்ட்டைத் துளைச்செடுக்கச் செலவழியிறதுதான் கூட.

வெளியில எடுத்ததும் தண்ணியில போட முதல் வெயிலுக்கு நேர பிடிச்சுப் பாருங்கோ. குளிர்ந்த தேர்மோஸ்ரற் இறுக மூடியிருக்கோணும். விளிம்பில ஊசிமுனை அளவு ஓட்டை ஒண்டு இருந்தா பயப்பிடாதேங்கோ, காத்துப் போறதுக்கு விடுறது அது. நடுத்தட்டைச் சுத்தி வெளிச்சம் வந்தாத்தான் பிழை.

பேந்து சட்டியில தண்ணி வச்சு நூலில கட்டித் தொங்க விடுங்கோ, அடியில முட்டக்கூடாது. வெப்பமானியையும் பக்கத்தில தொங்க விட்டு மெல்லிய நெருப்பில சூடாக்குங்கோ. எந்தப் பாகையில வாய் திறக்கத் துவங்குது, எடுத்து வெளியில வச்சா முழுக்க மூடுதோ எண்டு பாருங்கோ. திறக்கிறது எல்லாம் திறக்கும். மூடுதோ எண்டதுதான் உங்கட கேள்வி.

கசூரினா போட்:

கழட்டியாச்சு, போல்ட் முறியேல்லை.

தேர்மோஸ்ரற் உள்ளதான் இருந்தது. நடுத்தட்டுக்கும் வளையத்துக்கும் இடையில சின்னி விரல் நகமளவு கறுத்த ரப்பர்த் துண்டொண்டு கொழுவிக்கொண்டு நிக்குது. ஒரு பக்கம் வளைவு, மற்றப் பக்கம் பிஞ்ச மாதிரி. துண்டை எடுத்துப்போட்டுச் சட்டியில விட்டுப் பாத்தன். 60 தாண்டத் திறக்குது. ஆற விட்டா முழுக்க மூடேல்லை. ரப்பர் நிண்ட இடத்தில வளைய விளிம்பு அரிச்சுப்போச்சு, வெயிலில பிடிச்சா பிறை மாதிரி வெளிச்சம் தெரியுது. படம் போட்டிருக்கிறன்.

பஞ்சிகாவத்தையில ஒரு கடையில கேட்டன், இந்த பிளொக்குக்குக் கார்த் தேர்மோஸ்ரற் இருக்காம், 82 பாகை, அளவு ஒத்துவருமாம். நாளைக்கே பஸ்ஸில போட்டு விடலாமெண்டுகினம். எடுக்கவோ?

பழைய ஸ்பனர்:

எடுக்காதேங்கோ!

அளவு ஒத்துவரும், அதுதான் ஆபத்து. காருக்குள்ள ஓடுறது மூடின கூலன்ற், 82 என்ன, 90க்கும் ஒண்டும் ஆகாது. உங்களுக்கு ஓடுறது கடல் தண்ணி. 60, 65 பாகையைத் தாண்டத் தாண்டக் கடல் தண்ணியில கரைஞ்சிருக்கிற கல்சியம் உப்புகள் வேகமாப் படியத் துவங்கும். சீனி மாதிரிச் சூட்டில கூடக் கரையிற சாமான் இல்லை அது, சூடு ஏற ஏறக் குறைவாத்தான் கரையும். வலிகாமத்துக் கிணத்துத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள்ள எட்டிப் பாருங்கோ, உங்கட பிளொக்குக்குள்ளயும் அப்பிடித்தான் வெள்ளையாப் பிடிக்கும். பேந்து தண்ணி ஓட வழியில்லாமல் உண்மையாவே கொதிக்கும். வெயில் காலத்தில பரவைக்கடல் பக்கம் ஓடினா இன்னும் மோசம், அங்க உப்பு வெளிக்கடலை விடக் கூட. கார்த் தேர்மோஸ்ரற்றின்ர இரும்பும் உப்புத் தண்ணிக்குச் செய்ததில்லை.

இப்ப அந்த ரப்பர். படத்தில பாத்தா இம்பெல்லர்ச் சிறகு, பம்புக்குள்ள சுத்தித் தண்ணியைத் தள்ளுற ரப்பர்ச் சக்கரத்தின்ர சிறகு. கடல் தண்ணிப் பம்பைத் திறந்து பாருங்கோ, சிறகெல்லாம் இருக்கோ எண்டு.

ரொறன்ரோச் சங்கானை:

இதை வாசிச்சுக்கொண்டு வந்தனான். நானும் இஞ்ச ஏரியில இதே பிளொக் வச்சிருக்கிறன். இஞ்ச நல்ல தண்ணி எண்டபடியா 160 பரனைற் போட்டு ஓடுறன், 71 பாகை, ஒரு கரைச்சலுமில்லை. வசந்தத்தில ஏரி 10 பாகையில கிடக்கேக்க தேர்மோஸ்ரற் இல்லாமல் ஓடினா ஊசி அசையவே அசையாது. கடலுக்கு ஸ்பனர் அண்ணை சொல்லுற 143தான் சரி. ஆடியில அம்மாவைப் பாக்க வாறன், ரெண்டு வாங்கிக்கொண்டு வந்து தரலாம், காஸ்கற்றும் சேத்து. பெட்டிக்குள்ள என்ன பாரமே.

பெற்றோலைப் பற்றி ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். எஞ்சினில 87 ஒக்ரேன் எண்டு ஒட்டியிருக்கிறதைப் பாத்துக் குழம்பாதேங்கோ. அமெரிக்கா, கனடாக் கணக்கு வேற, இஞ்சத்தைய 87 உங்கட 92க்குக் கிட்ட. 95 அடிச்சுக் காசைக் கரியாக்க வேண்டாம்.

கசூரினா போட்:

சங்கானை அண்ணை, பெரிய உபகாரம். தனிமடல் போடுறன்.

பம்பைத் திறந்தன். உள்ள இருக்கிற இம்பெல்லர் புதுசு, சிறகு ஒண்டும் குறையேல்லை. அப்ப இந்தத் துண்டு எங்கால?

பழைய ஸ்பனர்:

முந்தி வச்சிருந்த ஆளின்ர காலத்துத் துண்டு. பழைய இம்பெல்லர் சிறகு பறிஞ்சிருக்கும், புதுசு போட்டிருக்கினம், பறிஞ்சதைத் தேடேல்லை. எல்லாரும் விடுற வேலை இது. ஒண்டு தேர்மோஸ்ரற்றில எண்டா மிச்சமும் வழியில எங்கையோதான் கிடக்கும். பம்பில இருந்து ஹவுசிங்குக்கு வாற ஹோஸ், ஹவுசிங்கில இருந்து ரெண்டு மனிபோல்ட்டுக்கும் போற ஹோஸ், கியர் ஒயில் கூலர் பம்புக்குப் பிறகு பூட்டியிருந்தா அதின்ர வாய், எல்லாத்தையும் கழட்டி விரலை விட்டுப் பாருங்கோ. மனிபோல்ட் பக்கம் அடைச்சா ஒரு பக்கம் மட்டும் சூடாகும், அதை உங்கட மீற்றர் காட்டாது.

கசூரினா போட்:

இன்னும் ரெண்டு துண்டு எடுத்தன். இடது மனிபோல்ட் ஹோஸின்ர வாயில, காஞ்ச சாதாளையோட சுருண்டு கிடந்தது.

கசூரினா போட்:

புதுத் தேர்மோஸ்ரற் வந்து பூட்டியாச்சு. ஸ்பிரிங் பக்கம் எஞ்சினுக்குள்ள, புது காஸ்கற். ஒயிலும் பில்ரரும் மாத்திப்போட்டுத்தான் கடலில இறக்கினன். பழைய ஒயில் தண்ணி மாதிரி ஓடிச்சுது.

இப்ப சும்மா ஓடேக்க ஊசி 145இல வந்து நிக்குது. வேகம் குடுத்தாலும் 140க்குக் கீழ இறங்குதில்லை. சோளகத்துக்கு எங்கட வடக்குக் கரை குளம் மாதிரிக் கிடக்கிறதால நல்லாவே ஓடிப் பாத்தன். பிளக்கும் கபில நிறத்துக்கு வந்திட்டுது. டாங்கி இறங்கிற வேகமும் குறைஞ்சிருக்கு.

குறிகட்டுவான்:

சந்தோசம் தம்பி. எண்டாலும் என்ர டீசலுக்கு நான் போட மாட்டன். வெள்ளைப் புகை வாறது உண்மைதான், அது பழகிப்போச்சு. நாளைக்கு இந்தப் புதுசு மூடினபடி இறுகினா என்ன செய்வாய்?

பழைய ஸ்பனர்:

அண்ணை கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குத்தான் அலாரம். தம்பி, அலாரத்துக்கு வேற சுவிச், மீற்றர்ச் சென்சரோட அதுக்குச் சம்பந்தமில்லை. சாவியைப் போட்டுட்டு அந்தச் சுவிச்சின்ர வயரை எர்த்தில தொட்டுப் பாருங்கோ, சத்தம் வரோணும். வராட்டி ஊசியையே பாத்துக்கொண்டு ஓடுற நிலைமைதான், அலாரத்தைத் திருத்தாமல் ஆளை இழுக்காதேங்கோ.

சங்கானைத் தம்பி ரெண்டு கொண்டுவந்தவரெண்டா மற்றதை ஒரு காஸ்கற்றோடயும் பத்து எம்எம் ஸ்பனரில்லை, உங்கட போல்ட்டுக்குச் சரிவாற அங்குல அளவு ஸ்பனரோடயும் போட்டுக்குள்ள ஒரு பையில கட்டி வையுங்கோ. ஓடி முடிய ஒவ்வொரு நாளும் கிணத்துத் தண்ணியால கழுவி விடோணும். பைப்பைப் பம்பில நேர சொருகாதேங்கோ. ஒரு பீப்பாய் நிறையத் தண்ணி விட்டு, பம்பின்ர உறிஞ்சிற ஹோஸை அதுக்குள்ள விட்டு, அதுவா இழுக்க விடுங்கோ. தேர்மோஸ்ரற் திறக்கிற அளவுக்குச் சூடு ஏறினாத்தான் நல்ல தண்ணி பிளொக் முழுக்கச் சுத்தும், அதுமட்டும் பீப்பாயை நிரப்பிக்கொண்டு நிக்கோணும். தண்ணி முடிஞ்ச பிறகு எஞ்சினை ஓட விட்டா இம்பெல்லர் கருகி இன்னும் நாலு துண்டு தேடுவியள்.

கசூரினா போட்:

சுவிச் வயரைத் தொட்டன், அலாரம் அடிக்குது. பீப்பாய் பக்கத்து வீட்டில இரவல் வாங்கியாச்சு.