வெளுப்பு க்ரீமை நிறுத்த முடியாமல் தவிக்கும் தோழிக்காக

வணக்கம். லண்டனில் நர்ஸ், ஃபார்மசி வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் நைஜீரிய அக்கா ஒருவர் பல வருடமாக வெளுப்பு க்ரீம் பூசுகிறார். முகம் வெளுத்துவிட்டது, விரல் முட்டிகள் மட்டும் கரி பூசியது போல அப்படியே நிற்கின்றன. கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரிகிற அளவுக்குத் தோல் மெலிந்திருக்கிறது. போன வாரம் நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் நாளே முகம் சிவந்து எரிய, திரும்பவும் பூசத் தொடங்கிவிட்டார்.

ட்யூபை வாங்கிப் பார்த்தேன். பொடி எழுத்தில் குளோபெட்டசால் என்று இருக்கிறது. மிக வீரியமான ஸ்டீராய்டு, இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. இன்னொரு டப்பாவில் லேபிளே இல்லை. உள்ளே ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு ரசாயனமோ பாதரசமோ இருக்குமோ என்று பயம். ஹைட்ரோகுயினோனை வெளுப்பு க்ரீம்களில் சேர்க்க 2001 முதல் இங்கே தடை. பாதரசமோ சிறுநீரகத்தையே கெடுக்கும்.

ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க யாரைப் பார்ப்பது? கறுப்புத் தோலில் அனுபவமுள்ள தோல் டாக்டர் யாராவது தெரியுமா? டப்பாவை கவுன்சிலில் விற்பனை முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸிடம் கொடுத்தால் அக்காவுக்குச் சிக்கல் வருமா? ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைக்கு ஜிபியிடம் (குடும்ப டாக்டரிடம்) எப்படிக் கேட்பது?

‘கறுப்புதான் அழகு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை அவர் நிறையக் கேட்டுவிட்டார். சிவப்பழகு க்ரீம் விளம்பரம் பார்த்து வளர்ந்த நமக்கு அதைச் சொல்ல வாயும் இல்லை.