ரயில் மியூசியத்தில் பிள்ளைகளோடு பேச ஒருவர் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை சென்னையில் ஐசிஎஃப் என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் மியூசியத்துக்குக் கூட்டிப் போகிறேன். போன தடவை ஒரு பையன் பழைய நீராவி இன்ஜினின் ரிவெட்டை (இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணியை) தடவிப் பார்த்து, “மிஸ், இதெல்லாம் எப்படி அடிச்சாங்க?” என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1955-ல் தொடங்கி, 2018-ல் முதல் வந்தே பாரத் வரை செய்த தொழிற்சாலை ஐசிஎஃப். அங்கே வெல்டிங்கோ ஃபிட்டிங்கோ பார்த்து ஓய்வு பெற்றவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், ஒரு மணி நேரம் வந்து பேசுவார்களா? ஐடிஐ, அப்ரண்டிஸ் பற்றியெல்லாம் வேலை பார்த்தவர்கள் சொன்னால்தான் எடுபடும்.

இன்னொன்று. 1895-லேயே மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது, 1953-ல் நிறுத்திவிட்டார்கள். மின்சார பஸ்ஸைப் புதுசு என்று நினைக்கும் பிள்ளைகளுக்குக் காட்ட, டிராம் டிக்கெட்டோ போட்டோவோ யாரிடமாவது இருக்கிறதா? பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.