எந்தத் தோட்டம்? கேட்டவர்கள், மாட்டிக்கொண்டவர்கள்

சுங்கை சிப்புட்காரன்:

போன சனிக்கிழமை காலை பட்டணத்தில் பசியாறப் போனேன். கடையில் இடமில்லை. தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, "உக்காருங்க தம்பி" என்றார். எண்பதை நெருங்கிய வயது இருக்கும். கோப்பி ஓவைச் சாஸரில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார். நான் ரொட்டி சானாய் சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். திரையைக்கூடத் தொடவில்லை, கேட்டுவிட்டார்: "எந்தத் தோட்டம்?" எந்த ரப்பர் தோட்டத்துக் குடும்பம் என்று அர்த்தம், மலேசியாவில் நம் ஆட்கள் சந்தித்தால் வழக்கமாகக் கேட்பது.

எனக்கு வயது 41. பிறந்தது ஆஸ்பத்திரியில், வளர்ந்தது பட்டணத்துத் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில், வேலை ஈப்போவில். பால்மரத்தில் நான் கத்தி வைத்தது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் மரத்துக்குக் காயம் பட்டதுதான் மிச்சம். ஆனாலும் வாய் தானாக அப்பா பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னது. தாமான் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் விடமாட்டார், "அதுக்கு முன்னாடி?" என்பார். நம் ஆட்களுக்குத் தாமான் எல்லாம் ஒரு முகவரி, அவ்வளவுதான்.

அப்புறம் வரிசையாக வந்தது. எந்த டிவிஷன்? எத்தனையாவது லயம்? கோயில் பக்கமா, ஆயாக் கொட்டகைப் பக்கமா? டிவிஷன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, லயம் என்றால் வேலையாட்களின் வரிசை வீடுகள், ஆயாக் கொட்டகை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். அதற்கு மேல் எனக்கு ஒரு பதிலும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். இருவரும் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. "வாசல்ல முருங்க வச்சிருந்த வீடுதானே?" என்று இவர் கேட்க, அங்கே அப்பா சத்தமாகச் சிரிப்பது எனக்கே கேட்டது. கணக்கெழுதும் கிராணி, வேலை வாங்கும் தண்டல், சம்பளத்தன்று கள்ளுக்கடைச் சண்டை, தீமிதியில் கால் வெந்தவர் என்று இருபது நிமிஷம் ஓடியது. அந்தக் கால அமைச்சர் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவரவர் அப்பன்மார் மாதம் பத்து வெள்ளி கட்டிய கதையும் வந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தொடங்கிய சங்கம் அது. சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர் என்பதால் இங்கே அந்தப் பேச்சு எடுத்தால் சீக்கிரம் முடியாது. என் ரொட்டி அதற்குள் காய்ந்து பால் ஷீட் மாதிரி ஆகிவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தன் அக்காள் எல்பில் தோட்டத்தில் பால் வெட்டியவள் என்றார். நான் உடனே, "அந்த எல்பிலா?" என்றேன். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள், அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதில் ஒருவரைச் சுட்டது எல்பிலில்தான். நான் படித்தது அவ்வளவு. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "ரொம்ப ஏத்தம் தம்பி. காலங்காத்தால வாளியத் தூக்கிட்டு அக்கா அழுதுகிட்டே ஏறும்" என்றார்.

கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். காசு கொடுக்கப் போனேன். "ஐயா சேத்துக் கட்டிட்டாரு." வெளியே ஓடிப் பார்த்தேன், மோட்டாரில் முக்கு திரும்பிவிட்டார். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எத்தனையாவது லயம் என்று மட்டும் தெரியும்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்களேன்.

கிள்ளான் டீச்சர்:

எங்கள் பள்ளிப் பெயரிலேயே தோட்டம் இருக்கிறது. மதிலுக்கு வெளியே இருப்பதெல்லாம் அடுக்குமாடியும் கார் கழுவும் கடையும்தான். இது ஒன்றும் அதிசயமில்லை. பண்டார் உத்தாமாவில் இருப்பது எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுபாங் ஜெயாவில் இருப்பது சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் பெயர்ப் பலகையில் 'லாடாங்' (மலாயில் தோட்டம்) மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

போன வருஷம் இரண்டாம் வகுப்பில் ஒரு பையனிடம் விளையாட்டாக, "நீ எந்தத் தோட்டம்டா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்டுல தோட்டம் இல்ல டீச்சர், தொட்டிதான். வெண்டிக்காய் இருக்கு" என்றான். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் நாலு வெண்டைக்காய் கொண்டுவந்தான்.

டெங்கில் பேரன்:

எங்கள் தாத்தாவிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார்: "நான் பிரதமர் ஆபீஸ்ல பொறந்தவன்." கேட்டவர் முழிப்பார். அதற்காகவே சொல்வார்.

அவர் பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப்போர் முடிந்து வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 1921-இல் தொடங்கியது. இப்போது அந்த இடத்துக்குப் பெயர் புத்ராஜெயா, நாட்டின் நிர்வாகத் தலைநகர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் சேர்ந்துதான் போயின. எங்கள் குடும்பத்தை டெங்கிலுக்கு மாற்றினார்கள். ரப்பர் கன்றுகளில் 'பிபி' என்று தொடங்கும் வகைகள் உண்டு, அந்த இரண்டெழுத்தும் பிராங் பெசார்தான். தாத்தாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. எங்கேயாவது பால்மரம் கண்ணில் பட்டால் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போய்ப் பட்டையைத் தடவிப் பார்ப்பார். பிபியா என்று எப்படித்தான் தெரியுமோ. தெரியாமலேயே சொன்னாரோ என்னவோ, சரிபார்க்க எங்களுக்கு வழியில்லை.

பிரதமர் அலுவலகம் 1999-இல் அங்கே வந்தது. அதற்கு ஓரிரண்டு வருஷம் கழித்துத் தாத்தாவை ஏரியைப் பார்க்கக் கூட்டிப்போனோம். அவர் ஏரியைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்து நடந்தார். ஓர் இடத்தில் நின்று, "இங்கதான் பால் ஸ்டோரு" என்றார். இரண்டடி நகர்ந்து, "இல்ல, இங்க" என்றார். அங்கே காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன் ஒருவன் சும்மா பேச்சுக் கொடுக்க, "அங்கிள் எந்தத் தோட்டம்?" என்றான்.

தாத்தா கைத்தடியால் தரையில் தட்டி, "இது" என்றார்.

பையன் சிரித்துவிட்டான். தாத்தா சிரிக்கவில்லை. அன்றைக்குப் பூராவும் பிரதமர் ஆபீஸ் ஜோக்கை அவர் எடுக்கவே இல்லை.

மோட்டார் ஜோகூர்:

விடிகாலை நாலரை மணி, சிங்கப்பூர் போகும் மோட்டார் வரிசை, நல்ல மழை. பக்கத்து மோட்டார்க்காரன் ஹெல்மெட் கண்ணாடியைக்கூடத் தூக்காமல், "பிரதர், எந்தத் தோட்டம்?" என்றான். லாபிஸ் பக்கம் என்றேன். "நானும்தான்!" அவ்வளவுதான், வரிசை நகர்ந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்குக் குளிர் கொஞ்சம் குறைச்சல்.

பேர் வேண்டாம்:

எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்த சமயம். அவர்கள் வீட்டிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். பையன் நல்ல மாதிரி, என்னோடு வேலை பார்த்தவர்தான். அவர் அத்தைதான் ஆரம்பித்தார். எந்தத் தோட்டம்? அம்மா சொன்னார். மேல் லயமா, கீழ் லயமா? அதற்கும் அம்மா சொன்னார். அப்புறம், வீட்டில் கும்பிடுகிற சாமி எது? கடைசியாக, தாத்தாவுக்கு இந்தியாவில் எந்த ஊர்? வாயைத் திறந்து ஒருவரும் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை, நாலு கேள்வியில் வேலை முடிந்தது. அத்தை கையிலிருந்த பலகாரத் தட்டு அப்படியே மேசைக்குத் திரும்பிப் போனதை நான் கவனித்தேன். முறுக்கை ஒரு கடி கடித்திருந்தார்.

அம்மா பிறகு சொன்னார்: "மேல் லயம், கீழ் லயம்னு ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுடி." தெரிந்தும் ஏன் பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கேட்டா சொல்லித்தானே ஆகணும்" என்றார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது அந்தப் பதில்தான்.

இப்போது யாராவது கேட்டால் ஈப்போ என்று மட்டும் சொல்வேன். இன்னும் துருவினால், "நீங்க எதுக்குக் கேக்குறீங்க?" என்பேன். பாதிப் பேர் உண்மையிலேயே குழம்பிப் போவார்கள். மீதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள்.

சுங்கை சிப்புட்காரன்:

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் அந்தப் பெரியவரும் லயம் கேட்டாரே என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அப்பாவிடம் கேட்டேன். சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, "சில பேரு அதுக்கும் கேப்பான். இவரு முருங்க மரத்துக்குக் கேட்டாரு" என்றார். அப்பா சொல்வதை நம்பலாம் என்றுதான் படுகிறது. ஆனால் உங்கள் அத்தைமாரை அவரும் பார்த்திருக்கிறார் போல, அதை விவரமாகச் சொல்ல மறுத்துவிட்டார்.

இந்தச் சனிக்கிழமை அப்பாவே என்னோடு கிளம்பினார். சட்டையை இஸ்திரி போடச் சொன்னார். அதே கடை, அதே மேசை. பத்தரை வரை உட்கார்ந்திருந்தோம், பெரியவர் வரவில்லை. கடைக்காரருக்கும் அவரை மோட்டார் வைத்துத்தான் தெரியும், பெயர் தெரியாது. அப்பா மூன்றாவது தே தாரிக்கில் இருந்தார். சும்மா இருக்க முடியவில்லை போல, கண்ணாடிக் குவளை எடுக்க வந்த பையனைப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும், பேச்சே காட்டிக்கொடுத்தது.

"தம்பி எந்தத் தோட்டம்?"

"தோட்டமெல்லாம் இல்லங்கய்யா. ராமநாதபுரம் பக்கம். ரெண்டு ஏக்கரு மொளகா போட்டிருக்கோம்."

அப்பா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "எந்த டிவிஷன்?" என்றார்.