எஃப்-மிசோ பெட் ஸ்கேன்: 2 மணி நேரமா, 4 மணி நேரமா?

வணக்கம். அணு மருத்துவத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

தலை, கழுத்துப் புற்றுக் கட்டிகளில் ஆக்சிஜன் குறைந்த இடங்களைப் படமெடுப்பது பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல கிட்டத்தட்ட 3 மடங்கு கதிர்வீச்சு தேவைப்படும். அந்த இடம் எது என்று முன்கூட்டியே தெரிந்தால் நோயாளிக்கு எவ்வளவு நல்லது!

இதற்கு ஊசியாகப் போடும் கதிரியக்க மருந்துதான் எஃப்-மிசோ. அது எல்லாச் செல்லுக்குள்ளும் நுழைகிறது. ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 10 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே போன, ஆனால் உயிரோடிருக்கும் செல்லில்தான் தங்குகிறது. செத்த திசுவில் தங்காது. இதுவரை புரிகிறது.

சிக்கல் நேரத்தில்தான். மருந்து ரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது. ஊசி போட்டு 2 மணி நேரம் கழித்து எடுத்த என்னிடம் உள்ள படத்தில் கட்டியின் ஓரமும் பக்கத்துத் தசையும் ஒரே சாம்பல் நிறம். 4 மணி நேரப் படத்தில் வேறுபாடு தெரிகிறது, ஆனால் மருந்தில் உள்ள கதிரியக்க ஃப்ளூரின்-18இன் அரை ஆயுள் 110 நிமிடம்தானே, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல்.

நீங்கள் எப்போது எடுக்கிறீர்கள்? கட்டியை ஒப்பிடுவது ரத்தத்தோடா, தசையோடா? சீக்கிரம் வெளியேறும் என்பதற்காக, இதே வேலைக்கான இன்னொரு மருந்தான எஃப்-ஆசாவுக்கு மாறியவர்கள் உண்டா? நோயாளி விவரம் எதுவும் வேண்டாம், செய்முறை மட்டும் சொன்னால் போதும்.