ஞாயிறு முற்பகலில் நாடகம் வைக்கலாமா?

கொட்டாஞ்சேனை வாசகன் எழுதியது:

இந்த வார இறுதிக்கு எங்கள் நண்பர் குழு போட்டிருக்கும் திட்டம் இது. சனிக்கிழமை மாலை பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு தோழியின் தங்கைக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளவத்தையில் ஒரு தமிழ் நாடகம், ஒரே ஒரு காட்சி. பிற்பகல் ஆனந்த குமாரசாமி மாவத்தையில் கலா பொல ஓவியச் சந்தை. மூன்றும் நான் விரும்பிப் போகிறவை. ஆனால் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் தமிழ்ப் பூசை ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. பூசை முடிந்து பத்து மணிக்குள் வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர எந்த பஸ்ஸாலும் முடியாது. "ஒரு ஞாயிறு கோயிலை விட்டால் குடி முழுகிவிடாது" என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள்.

யார் எதை விடுவது என்பதற்கு முன்னால், அப்படி விடவேண்டிய நிலையை யார் உண்டாக்குகிறார்கள் என்று கேட்கிறேன். கொழும்பில் தமிழ் நாடகம் பார்க்க வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், நடிக்கிறவர்களிலும் இருக்கிறார்கள். ஞாயிறு நண்பகலுக்கு முன் தமிழ் நிகழ்ச்சி எதையும் வைப்பதில்லை என்ற வழக்கத்தை ஏற்பாட்டாளர்கள் தாங்களாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மேடைவெளிச்சம் எழுதியது:

நான் மறுக்கிறேன். நாடகம் போடுகிற பக்கத்தில் நிற்பவன் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன்.

காலை பத்து மணியை யாரும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. சனி, ஞாயிறு மாலைகளை அரங்கேற்றங்களும் பாடசாலை விழாக்களும் திருமண வரவேற்புகளும் மாதக்கணக்கில் முன்கூட்டியே பிடித்துவிடுகின்றன. லயனல் வெண்ட் போன்ற அரங்கை எடுத்தால் வாடகை, ஒளியமைப்பு, மேடை ஒத்திகை என்று செலவு ஏறிக்கொண்டே போகும். தமிழ் நாடகத்துக்கு அந்தப் பணம் ஒரு காட்சியில் திரும்பாது, இரண்டாவது காட்சிக்குப் பார்வையாளரும் இல்லை. வார நாளில் வைத்தால் அலுவலகம் விட்டு வருகிறவர் காலி வீதி நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போதே நாடகத்தின் முதல் அங்கம் முடிந்துவிடும். வெள்ளி நண்பகல் ஜும்மா. வெள்ளி மாலை சைவக் கோயில்கள். முழுநிலவுப் போயா அன்று பல மண்டபங்கள் கிடைக்கா. எல்லோருடைய வழிபாட்டு நேரத்தையும் ஒதுக்கிய பிறகு எங்களுக்கு எஞ்சுவது எந்த மணி?

இன்னொன்றும் உண்டு. உங்கள் திருச்சபைச் சட்டமே உங்களுக்கு வழி விட்டிருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1248ஆம் இலக்கம், முந்தைய நாள் மாலைத் திருப்பலியில் (பூசையில்) பங்குபற்றினாலே ஞாயிறு கடமை நிறைவேறுகிறது என்கிறது. சனி மாலை பூசைக்குப் போய்விட்டு ஞாயிறு காலை நாடகத்துக்கு வரலாமே.

இரண்டாங்குரல் எழுதியது:

மேடைவெளிச்சம் அவர்களே, அந்தச் சட்ட இலக்கம் எனக்கும் தெரியும். அது எந்த மொழியில் என்று சொல்வதில்லை. எங்கள் பங்கில் சனி மாலைத் திருப்பலி சிங்களத்தில். ஞாயிறில் சிங்களம், ஆங்கிலம், தமிழ் மூன்றுக்கும் ஒவ்வொரு நேரம் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். தமிழுக்குக் கிடைத்தது ஒன்பது மணி ஒன்றுதான். தமிழில் நாடகம் பார்ப்பதற்காகத் தமிழில் செபிப்பதை விட்டுவிட்டு வா என்கிறீர்கள். அது சின்ன விஷயமாக உங்களுக்குத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை.

நான் பாடகர் குழுவில் இரண்டாவது குரல் பாடுகிறவள். எங்கள் குழுவில் அந்தக் குரலுக்கு ஆட்கள் குறைவு. நான் வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை முதற்குரலோடு இழுபட்டுப் போய்விடும். காணிக்கைப் பாடலிலேயே அது வெளியே கேட்கும். கோயிலுக்குப் போவதைத் தனியாள் கடமையாகவே நீங்கள் கணக்கிடுகிறீர்கள். நாடகத்தில் ஒரு நடிகர் வராவிட்டால் காட்சியை நடத்துவீர்களா?

"ஒரு ஞாயிறு விட்டால் என்ன" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அதன் பிறகு கொழும்பு மறைமாவட்டத்தில் ஞாயிறு பூசைகளை நிறுத்தினார்கள். கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஜூன் மாதம் திருநாளை ஒட்டித் திருத்தலத்தைத் திறந்தபோது, பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் அந்த நாட்களைக் கடந்து வந்தவர்களிடம் ஞாயிறு காலையை விட்டுக்கொடுக்கச் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

நான் சைவம். ஆனாலும் தங்கச்சி சொன்னதை வாசித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் அம்மா கூடப் போவார். மெழுகுதிரி ஏற்றி, கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அப்படியே நடந்து சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேசரையும் தரிசித்துவிட்டு வருவார். கொழும்பில் இதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை.

ஆனால் தம்பியின் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. ஞாயிறு காலையைத் தடை செய்வதால் எதுவும் சரியாகாது. நேரத்தைத் தின்பது தாமதம். அழைப்பிதழில் ஐந்து மணி என்று அச்சிடுவார்கள். பிரதம விருந்தினர் வரும்வரை காத்திருந்து மங்கல விளக்கேற்ற ஆறு மணி. பிறகு வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. ஆடுகிற பிள்ளை ஒப்பனை கலையாமல் திரைக்குப் பின்னால் நிற்கும். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, மாலை, நினைவுச் சின்னம், படம். முக்கிய நடன உருப்படியான வர்ணம் தொடங்கும்போது வடகொழும்பு மட்டக்குளிக்குப் போகவேண்டியவர்கள் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். அரங்கேற்றத்தின் உயிரே வர்ணம்தான். பிள்ளை வருடக்கணக்கில் பயின்றது அதற்காகத்தான். குறித்த நேரத்தில் தொடங்கி, பேச்சுகளை வெட்டினால் ஒரே மாலையில் மண்டபத்தை இரண்டு நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கலாம். நாடகத்துக்கும் மாலை கிடைக்கும்.

நண்பர்கள் பற்றியும் ஒரு சொல். நண்பன் பூசை முடிந்து வரும்வரை காத்திருக்க மனமில்லாத குழு எந்த நாடகத்தைச் சேர்ந்து பார்த்து என்ன?

மேடைவெளிச்சம் எழுதியது:

அக்கா சொன்னது முழுவதும் உண்மை. பொன்னாடைக்குக் கொடுக்கிற மணித்துளிகளை யாராவது மேடைக்குக் கொடுத்தால் கும்பிடுவேன். ஆனால் அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுப்பவர் முழு மாலைக்கும் பணம் கட்டுகிறார். பெற்றோர் எவ்வளவு செலவழித்துவிட்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தும், பேச்சைக் குறையுங்கள் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இரண்டாங்குரல், பாடகர் குழுவில் ஒருவர் குறைந்தால் என்ன ஆகும் என்பது விளங்குகிறது. 2019 பற்றி நீங்கள் எழுதியதற்கு எதிராக ஒரு வரியும் எழுதமாட்டேன். ஆனால் அந்தத் துயரத்தைக் கொண்டு நாடகக்காரனின் மணிநேரத்தைப் பூட்டாதீர்கள்.

பழைய கொழும்பான் எழுதியது:

இளையவர்கள் ஞாயிறு என்பது என்றைக்கும் ஓய்வு நாளாகவே இருந்தது என்று நினைத்துக்கொண்டு வாதிடுகிறீர்கள். 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிறு வேலை நாள். நிலவின் நான்கு கட்டங்களுக்கும் உரிய போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களுமே வார விடுமுறை. நிலவைப் பார்த்து வாரம் ஓடியதால், சில வாரங்களுக்கு ஒரு நாள் கூடிவிடும். என் அப்பா கோட்டையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். ஞாயிறு விடியற்காலைப் பூசைக்கு எங்களைக் கூட்டிப்போய், வந்ததும் வெள்ளைக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். அந்த ஆண்டுகளிலும் கோயில்கள் நிறைந்துதான் இருந்தன.

அதே காலத்தில்தான் தமிழ்ப் பூசையும் எங்களுக்கு வந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழியில் வழிபட வழி திறந்தது. அதற்கு முன் பூசை இலத்தீனில். குருவின் முதுகைப் பார்த்துக்கொண்டு செபமாலை உருட்டிய தலைமுறை எங்களுடையது. தமிழில் முதன்முதலாகப் பதிலுரை சொன்னபோது என் பாட்டி அழுதார். மகளே, உன் ஒன்பது மணியை விடாதே. ஆனால் மற்றவர்களின் ஞாயிறை உனக்காகக் காலியாக வைக்கச் சொல்லவும் வேண்டாம். எங்களுக்கு யாரும் அப்படி வைத்துத் தரவில்லை.

இரண்டாங்குரல் எழுதியது:

ஐயா, உங்கள் அப்பா விடியற்காலையில் போனார், உண்மை. விடியற்காலையில் பூசை இருந்ததால்தானே போனார்? பங்கு தன் நேரத்தை மக்களுக்காக நகர்த்தியது. நகர வேண்டியவர்கள் யார் என்பதுதான் இங்கே கேள்வி. கலை நடத்துபவர்களும் நகரலாம் என்கிறேன்.

மன்னார்வழி எழுதியது:

கோயில் ஒரு பக்கம், மேடை ஒரு பக்கம் என்று நீங்கள் பேசுவது எங்கள் ஊரில் யாருக்கும் விளங்காது. மன்னாரில் கூத்து வளர்ந்தது கோயில் முற்றத்தில். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு மரபு. புனிதர்களின் வரலாற்றைப் பாட்டாகக் கட்டி, அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கி, திருவிழாவோடு இரவு முழுக்க ஆடுவார்கள். ஆடியவர்கள் மீனவர்களும் கமக்காரர்களும். விடிந்ததும் பூசை. இரண்டுக்கும் ஒரே சனம்.

யாழ்ப்பாணத்தில் 1965இல் திருமறைக் கலாமன்றத்தைத் தொடங்கியவர் மரிய சேவியர் அடிகள், ஒரு குரு. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தவக்காலத்தில் அவர்கள் போட்ட இயேசுவின் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்க்கப் பெருந்திரள் கூடும். போர்க்காலத்திலும் விடாமல் மேடை ஏற்றினார்கள். ஒரு குருவானவர் நாடக மன்றம் நடத்திய சமூகத்தில், கொழும்புப் பங்குகள் தங்கள் மண்டபங்களைத் திருமண வரவேற்புக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் மட்டும் வைத்திருப்பது ஏன்? பூசை முடிந்து அரை மணி நேரத்தில் அதே வளவில் நாடகம் தொடங்கட்டும்.

மேடைவெளிச்சம் எழுதியது:

கேட்டுப் பார்த்தோம். ஒரு பங்கு மண்டபத்தில், பிரதி முழுவதையும் முன்கூட்டியே காட்டச் சொன்னார்கள். காட்டினோம். திருமண முறிவு பற்றிய காட்சியை எடுத்துவிடச் சொன்னார்கள். நாங்கள் எடுக்கவில்லை, மண்டபமும் கிடைக்கவில்லை. கோயில் முற்றத்துக்குப் போனால் புனிதர் வரலாறுதான் ஆடலாம். எனக்கு இன்றைய கொழும்பு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

மன்னார்வழி எழுதியது:

அது அந்தப் பங்கின் குறை. எல்லாப் பங்குத் தந்தையும் அப்படி இல்லை. வேறு பங்கிலும் கேட்டீர்களா?

கொட்டாஞ்சேனை வாசகன் எழுதியது:

பங்கு மண்டபம் வேண்டாம் என்றால் வடகொழும்பில் வேறு இடமே இல்லையா? எங்கள் பகுதியில் விவேகானந்த மேட்டில் 1902இல் தொடங்கிய விவேகானந்த சபையின் மண்டபம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த குழுக்கள் ஆடியது ஜிந்துப்பிட்டியில். 1911இல் திறந்த டவர் மண்டபம் மருதானையில். கொழும்பின் மேடை வாழ்வு ஒரு காலத்தில் எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. இன்று தமிழ் நிகழ்ச்சி என்றால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி. புத்தக வெளியீடு என்றால் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் சங்கரப்பிள்ளை மண்டபம். 1942இலிருந்து அந்தச் சங்கம் செய்த பணியை மதிக்கிறேன். ஆனால் மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் உள்ள தமிழர் இரண்டு பஸ் மாறி, இரவில் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பத்தரைக்கு நாடகம் வைத்தால் பூசை முடிந்து நடந்தே போய்விடுவோம்.

வெள்ளவத்தை அக்கா எழுதியது:

இது நல்ல கேள்வி, தம்பி. உங்கள் பக்கத்தில் வைத்தால் நாங்கள் ஒருமுறை பஸ் ஏறி வருகிறோம். ஒவ்வொரு முறையும் நீங்களே ஏன் ஏற வேண்டும்?

இரண்டாங்குரல் எழுதியது:

இடம் மாறினால் பார்க்கிறவர்களுக்குச் சிக்கல் தீரும். நடிக்க விரும்புகிறவர்களுக்குத் தீராது, அதை யாரும் இதுவரை தொடவில்லை. காட்சி ஒரு ஞாயிறு. ஒத்திகை மூன்று மாத ஞாயிறுகள். பல குழுக்கள் ஞாயிறு காலை எட்டரைக்கு ஒத்திகைக்குக் கூப்பிடுகின்றன. எனக்கு நடிக்க ஆசை. கேட்ட இடத்தில் "ஞாயிறு காலை வரமுடியுமானால் மட்டும் பெயரைத் தாருங்கள்" என்றார்கள். பெயர் கொடுக்காமல் வந்துவிட்டேன். எங்கள் பாடகர் குழுவில் குரல் பழகியவர்கள், மேடையில் நின்று பழகியவர்கள், வாசகம் வாசித்து உச்சரிப்புத் திருந்தியவர்கள் எத்தனையோ பேர். தமிழ் நாடகத்துக்கு ஆள் இல்லை என்கிற குழுக்கள் இந்தக் கதவைத் தாங்களே சாத்தி வைத்திருக்கின்றன.

மேடைவெளிச்சம் எழுதியது:

காட்சி நேரத்தில் நான் சொன்னதை மாற்றவில்லை. மண்டபம் எப்போது கிடைக்கிறதோ அப்போது போடுவோம். ஒத்திகை வேறு. அதற்கு மண்டபம் வேண்டாம், ஒரு வீட்டின் கூடம் போதும். பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு விடலாம். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். முஸ்லிம் நடிகர் ஒருவருக்கு ழுஹர் (நண்பகல்) தொழுகைக்கு நடுவில் இடைவேளை விட வேண்டும், அதையும் செய்வோம். அடுத்த நாடகத்துக்கு நடிகர் தேர்வு தவக்காலம் முடிந்த பிறகு. இரண்டாங்குரல், அதற்கு வருகிறீர்களா?

இரண்டாங்குரல் எழுதியது:

பதினொரு மணி என்று அறிவித்தலிலேயே போடுங்கள். போட்டால் நானும் வருகிறேன், இன்னும் இருவரைக் கூட்டிக்கொண்டும் வருகிறேன். இந்த ஞாயிறு நாடகத்துக்கு மட்டும் வரமாட்டேன். ஒன்பது மணிக்கு எனக்குப் பாட்டு இருக்கிறது.