பெர்ல் ஸ்கிரிப்டிலிருந்து 20 நிமிடம் கழித்து ஒரு வேலை

கேள்வி (கிருஷ்ணகிரி): மாம்பழக் கூழ் ஆலை லினக்ஸ் சர்வரில், பெர்ல் ஸ்கிரிப்ட் முடிந்து 20 நிமிடம் கழித்து பேக்கப் ஓடணும். ஸ்லீப் (ஸ்கிரிப்டைக் காத்திருக்க வைக்கும் கட்டளை) போட்டால் கரண்ட் போனதும் அதுவும் போயிடுது. வேறு வழி இருக்குங்களா?

பதில் (ஓசூர்): குறித்த நேரத்தில் ஒரு வேலையை ஓட்டும் 'அட்' (at) கட்டளைதான் சரி. பெர்லின் ஓப்பனில் அதற்கு ஒரு பைப் (கட்டளைக்குள் எழுத்தை அனுப்பும் வழி) திறந்து, 'நவ் பிளஸ் 20 மினிட்ஸ்' என்று நேரம் கொடுத்து, பேக்கப் கட்டளையை அதற்குள் பிரிண்ட் பண்ணுங்க. குளோஸ் தரும் மதிப்பைக் கட்டாயம் பாருங்க. 'அட்' மறுத்திருந்தால் அங்கேதான் தெரியும். வேலை டிஸ்கில் கோப்பாகக் கிடப்பதால் ரீபூட் ஆனாலும் அழியாது. இந்த வேலைகளை ஓட்டும் 'ஏடிடி' (atd) சேவை மட்டும் பூட்டிலேயே கிளம்பணும்.

பதில் (தர்மபுரி): 'அட்'டில் கொடுத்த கட்டளையை ஓட்டுவது எஸ்ஹெச் (sh) ஷெல், பாஷ் (bash) ஷெல் இல்லைங்க; ஷெல்னா கட்டளைகளை வாசித்து ஓட்டும் நிரல். பாஷுக்கே உரிய தொடரமைப்பில் எழுதினால் உடையும். அவுட்புட் மெயிலுக்குப் போகும். மெயில் அமைக்காத சர்வரில் பிழை கண்ணிலேயே படாது. லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்க.

கேள்வி கேட்டவர்: ரத்து செய்யணும்னா?

பதில் (ஓசூர்): காத்திருக்கும் வேலைகளைக் காட்டும் 'ஏடிகியூ'வில் (atq) எண் பார்த்து, 'ஏடிஆர்எம்' (atrm) கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்து நீக்குங்க.